வெள்ளிக்கிழமை முடி எடுத்த பசு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களாக யோசித்து யோசித்து விட்டுவிட்டேன். முதல் காரணம், எனக்கு எழுத்து வராது. எட்டாம் வகுப்பில் தேறாமல் நின்றவன். ரேஷன் கடைக்கு ஒரு மனு எழுதுவதற்குள் நாலு தாளைக் கிழித்துவிடுவேன். இரண்டாவது காரணம் என் வீட்டம்மா. நான் எழுத உட்கார்ந்தால் பின்னால் வந்து நின்று இரண்டு வரி படிப்பாள். படித்தால் சிரிப்பாள். சிரித்தால் அவளுக்கு இருமல் வரும். மருந்து எடுக்க நான் எழுந்து போவேன். அன்றைய எழுத்து அத்தோடு முடிந்துவிடும்.

போன மாதம், நான் இருந்த பால் பண்ணையில் என்னோடு கடைசிச் சில வருடங்கள் வேலை பார்த்த ஒருவர் போன் செய்தார். இப்போது வேறொரு பண்ணையில் இருக்கிறார். "அண்ணா, மாடு கண்காட்சிக்குப் போவுது. முடியை எடுக்கறதா, அப்படியே வுட்டுடறதா? முதலாளி போன்ல ஏதோ வீடியோ பாத்துட்டு வழிச்சிடுன்றாரு. எனக்கு இன்னாவோ மனசு வரல" என்றார்.

எடுக்கலாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்த பதிலில் பாதி மாட்டைப் பற்றியது, பாதி என் அசட்டுத்தனத்தைப் பற்றியது. இரண்டையும் பிரிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். முருகன் துணை. வீட்டம்மா அவள் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

நான் முடிச்சூர்க்காரன். தாம்பரத்துக்கு மேற்கே ஒரு டிரஸ்ட் நடத்திய பால் பண்ணையில் எண்பதுகளின் தொடக்கத்தில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். சாணி அள்ளினேன், அப்புறம் தீனி போட்டேன், அப்புறம் பால் கறந்தேன். இந்தப் பயிற்சிக் காலத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாடு உதைத்தால் எந்தப் பக்கமாக விழுவது என்று கற்றுக்கொண்டேன்.

பண்ணைக்கு மேனேஜர் ஞானதாஸ் சார். தன் சபையில் பெரிய பொறுப்பில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கமும் செய்வார் என்று கேள்வி. ஆனால் பண்ணையில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. எங்களையெல்லாம் "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை ஓரத்தால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு பெரிய தப்பு என்று நாங்களே புரிந்துகொள்ள வேண்டும். அதற்கு ரெண்டு அடி வாங்கியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றும்.

எங்கள் பக்கத்தில் வருடத்துக்கு ஒருமுறை கால்நடைக் கண்காட்சி நடக்கும். நான் முதன்முதலாக மாடு பிடித்துக்கொண்டு போன வருடம், அவளை மினுமினுப்பாக்குகிறேன் பேர்வழி என்று தேங்காய் எண்ணெயைக் கொம்பிலிருந்து வால் வரைக்கும் தடவிவிட்டேன். எங்கள் வீட்டில் பொங்கலுக்குக் கொம்புக்கு மட்டும்தான் எண்ணெய். இது கண்காட்சி ஆயிற்றே என்று தாராளமாக இருந்தேன். மைதானத்துப் புழுதி மொத்தமும் அவள்மேல் வந்து ஒட்டிக்கொண்டது. நடுவர் அவள் முதுகில் கையை வைத்தார், எடுத்தார், கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சார் தன் கைக்குட்டையை நடுவரிடம் நீட்டினார். திரும்பி வருகிற வழியெல்லாம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

அடுத்த வருடம் நான் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் எங்களுக்கு முன்னால் நின்ற மாட்டின் வால் குஞ்சம் தரையைத் தொடுகிற மாதிரி இருந்தது. அதைப் பார்த்து நான் பொறாமைப்பட்டுக்கொண்டு இருந்தேன். நடுவர் மடியைப் பார்ப்பதற்காக அந்த வாலைப் பிடித்து ஒரு பக்கமாக நகர்த்தினார். வால் மாட்டிடம் இருந்தது, குஞ்சம் நடுவர் கையில் இருந்தது. உள்ளே வைத்துக் கட்டியது சவுரி முடி. மாட்டுக்காரர் கொஞ்சமும் பதறாமல், "குடுங்க சார், என் சம்சாரத்தோடது. சாயங்காலம் கல்யாணத்துக்குப் போவணும்" என்று வாங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

அன்றைக்குத்தான் சார் எனக்கு விதிகளைச் சொன்னார். ஒட்டு முடி கூடாது. சாயம் கூடாது, எந்த நிறமும் மேலே இருக்கக் கூடாது. உடம்பில் பள்ளம் இருந்தால் எதையாவது அப்பி நிரப்பக் கூடாது, தோலில் எண்ணெய் கூடாது. சீக்கு மாதிரி ஏதாவது தெரிந்தால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள்.

"அப்போ முடியை வெட்டலாமா சார்?" என்று கேட்டேன்.

"வெட்டலாம். இருக்கிறதைக் காட்டலாம், தணிகாசலம். இல்லாததைக் காட்டத்தான் கூடாது. நாட்டு மாட்டுக்கு மிஷினே வேண்டாம், அதுக்கு முடி குட்டை. சீப்பும் தண்ணியும் போதும். நம்ம கலப்பின மாட்டுக்கு முடி நீளம். கழுத்து மெலிவா இருக்கா, மடியில நரம்பு ஓடுதான்னு பார்க்க வர்றவருக்கு வெறும் முடிதான் தெரியும்."

இப்போது மூன்றாவது வருடம். இதுதான் விஷயம்.

எங்கள் பண்ணையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு மாடு இருந்தது. சார் அவளுக்கு பியூட்டி என்று பெயர் வைத்திருந்தார். நான் லட்சுமி என்று கூப்பிடுவேன். இரண்டு பெயருக்குமே திரும்ப மாட்டாள், தவிட்டு வாளிச் சத்தத்துக்கு மட்டும் திரும்புவாள். நெற்றி, கழுத்தின் கீழ்ப்பக்கம், மடி எல்லாம் பால் வெள்ளை. அந்த வருடம் தினக்கூலி ஆட்களில் ஒருவரை மட்டும் நிரந்தரம் ஆக்கப் போவதாகவும், மற்றவர்களை நிறுத்திவிடப் போவதாகவும் டிரஸ்டில் பேச்சு அடிபட்டது. சார் என்னைக் கூப்பிட்டு, "பியூட்டியை நீங்கதான் தயார் பண்றீங்க. அவள் ஒரு இடம் பிடிச்சா, உங்களுக்காக டிரஸ்ட்ல பேச எனக்கு ஒரு காரணம் கிடைக்கும்" என்றார்.

என் வீட்டம்மா அப்போது முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம். மாடம்பாக்கத்தில் இருந்த என் மாமனார், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னை "மாப்பிள்ளை கூலிக்குத்தான் போறாரு, கூலியும் நிலையில்ல" என்று அறிமுகம் செய்துவந்தார். ஆகவே என் பிழைப்பு மொத்தமும் அந்த மாட்டின் மடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதில் ஒரு சிக்கல். மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது எங்கள் வீட்டில் ஆண்கள் முடி வெட்டிக்கொள்ள மாட்டோம், சவரமும் கிடையாது. எனக்குத் தாடி நெஞ்சு வரைக்கும் வந்திருந்தது. அப்படிப்பட்டவன் இன்னொரு உயிருக்கு முடி எடுப்பதா? சாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "சரி, நீங்க மாட்டைப் பிடிச்சுக்குங்க, நான் எடுக்கிறேன்" என்றார்.

அடுத்த சிக்கல் அதைவிடப் பெரியது. கண்காட்சி சனிக்கிழமை. மடி முடியை முந்தின நாள்தான் எடுக்க வேண்டும், முன்கூட்டியே எடுத்தால் முள்முள்ளாகக் கிளம்பிவிடும். முந்தின நாள் என்றால் வெள்ளிக்கிழமை.

"சார், வெள்ளிக்கிழமையில மனுஷனே முடி எடுக்க மாட்டான். இவ மகாலட்சுமி."

சார் கிண்டல் செய்யவில்லை. "ஞாயித்துக்கிழமை வச்சிருந்தா எனக்குக் கஷ்டம், சனிக்கிழமை வச்சதால உங்களுக்குக் கஷ்டம். கமிட்டிக்காரங்க நம்ம ரெண்டு பேரையும் கேட்டு வைக்கலையே" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆரம்பித்தோம். அந்த வேலையை அவர் செய்த விதம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. முதலில் குளிப்பாட்டி, நன்றாகக் காயவிட்டார். ஈரத்திலும் மண்ணிலும் மிஷின் மொண்ணையாகிவிடும். முடிதிருத்தும் கடையில் இருக்குமே, கையால் அழுத்துகிற மிஷின், அதில் கொஞ்சம் பெரிது. அதை முதலில் பியூட்டியின் கழுத்தருகே வெறுமனே அழுத்திச் சத்தம் காட்டினார். அவள் காதை விறைத்தாள். மறுபடி காட்டினார். காது தளர்ந்த பிறகுதான் முடியில் வைத்தார். முடி படுத்திருக்கும் திசைக்கு எதிராக, தாடையிலிருந்து மேலே. முகம், காதின் வெளிப்பக்கம், கழுத்து. தோளுக்கு வந்ததும் மிஷினை மெல்ல மெல்லத் தூக்கிக்கொண்டே போனார், வெட்டிய இடமும் வெட்டாத இடமும் எங்கே சேருகிறது என்று தெரியாதபடி. முதுகுத் தண்டு முடியைத் தொடவில்லை, சீப்பால் மேல்நோக்கி வாரிவிட்டார். வாலில் குஞ்சத்துக்கு மேலே மட்டும் எடுத்தார். கடைசியாக மடி. அதற்கு மண்டி போட்டு உட்கார்ந்து, இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தார். பாலாடையை ஓரமாக ஒதுக்கினால் பால் தெரிகிற மாதிரி, நரம்புகள் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தன.

நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக மகாலட்சுமிக்கு மொட்டை போட்டதுபோல் இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

வீட்டம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "இன்னாங்க இது, பசுமாட்டுக்குப் போயி. அதுவும் நான் இந்த நெலமையில கீறப்போ. சரி, மொட்டை போட்டீங்களே, சந்தனம் பூசினீங்களா?"

கோயிலில் மொட்டை போட்டால் தலையில் சந்தனம் பூசுவோம். குளிர்ச்சி. கொடுத்த முடிக்கு அதுதான் மரியாதை. இது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது என்று வெட்கமாகிவிட்டது. வீட்டிலிருந்த சந்தனக் கட்டையை இழைத்தோம். ஒரு மாட்டுக் கழுத்துக்கு அது எந்த மூலைக்கு? வீட்டம்மாவே யோசனை சொன்னாள்: மஞ்சளைச் சேர்த்துக் குழைத்துக்கொள்ளலாம். மஞ்சளும் மங்களம்தானே. விளக்கு வைக்கிற நேரத்துக்கு நான் கொட்டகைக்கு வந்து, நெற்றி, கழுத்து, மடி என்று முடி எடுத்த இடமெல்லாம் பக்தியோடு பூசி, விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனேன். பியூட்டி என் தாடியை நக்கினாள். அதை நான் ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பூச்சு காய்ந்து வெடித்திருந்தது. தட்டிவிட்டேன், உதிர்ந்தது. உதிர்ந்த இடமெல்லாம் எலுமிச்சை சாதம் மாதிரி மஞ்சள். தண்ணீர் ஊற்றினேன், போகவில்லை. சார் வருவதற்குள் போக்கியாக வேண்டும். பால் கேன் கழுவுகிற சோடா மாவு ஒரு மூலையில் இருந்தது. அதைக் கரைத்துத் துணி சோப்பையும் போட்டுப் பரபரவென்று தேய்த்தேன்.

மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் எத்தனை கல்யாணத்தில் ஆரத்தித் தட்டுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். சோடாவும் அதே வேலையைத்தான் செய்யும் என்பது மட்டும் எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. என் கண் முன்னாலேயே நெற்றி சிவந்தது, கழுத்து சிவந்தது, மடி நல்ல ரத்தச் சிவப்பாகச் சிவந்தது. கூட வேலை பார்த்த ஏகாம்பரம் உள்ளே வந்து பார்த்துவிட்டு, "இன்னா மச்சான், மாட்டை அறுத்துட்டியா" என்றான்.

சார் லாரியோடு வந்து இறங்கினார். மாட்டைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்ன இது?"

"மஞ்சள் சார்."

"மஞ்சள் மஞ்சளா இருக்கும்."

"சோடா போட்டேன் சார்."

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அது எனக்குப் புதிது. பிறகு வாளி வாளியாக வெறும் தண்ணீர் ஊற்றச் சொன்னார். சிவப்பு கொஞ்சம் வெளுத்து ரோஸ் ஆனது, அதற்கு மேல் அசையவில்லை. டிரஸ்டிலிருந்து ஒரு பெரியவர் நேராக மைதானத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார், போகாமல் இருக்க முடியாது. "காய்ஞ்சா குறையலாம்" என்று சார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு லாரியில் ஏறினார்.

வாசலில் சோதனைக்கு வரிசை. நின்றவர்கள் விடுவார்களா?

"எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்? திருப்பதியா, பழனியா?"

"மாட்டுக்காரருக்கு ஒரு கிலோ முடி, மாட்டுக்கு மொட்டை. மாத்தி அடிச்சிட்டாங்க பாரு."

சோதனை செய்தவர் ஒரு டாக்டரம்மா. மடியைப் பார்த்ததும் முகம் மாறியது. மடிநோய் என்றால் மடி இப்படித்தான் சிவக்கும். கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் பார்த்தார். நாலு காம்பிலும் கொஞ்சம் பீய்ச்சி, பால் திரிதிரியாக வருகிறதா என்று பார்த்தார்.

"மடியில சூடு இல்ல, வீக்கம் இல்ல. பாலும் நல்லா இருக்கு. அப்புறம் எப்படி இவ்வளவு சிவப்பு?" என்று யோசித்தவர் சார் பக்கம் திரும்பினார். "நேத்து முடி எடுத்து வெயில்ல கட்டிட்டீங்களா சார்? புதுசா எடுத்த இடம் வெயில் பட்டாச் செவந்துடும். அப்படின்னா ஒண்ணும் பிரச்சினை இல்ல, உள்ள போகலாம்."

கதவு தானாகத் திறந்து நின்றது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். சார் வாயைத் திறந்தார்.

"இல்லீங்க டாக்டரம்மா. மஞ்சளு. நான்தான் பூசினேன்."

இதைச் சொன்னது நான். இதற்காக என்னை யாரும் மெச்ச வேண்டாம். என் கை இரண்டும் விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் அதே சிவப்பு. மாட்டுக் கயிற்றை அந்தக் கையால்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். மாடும் மாட்டுக்காரனும் ஒரே மாதிரி வெயிலில் சிவந்தார்கள் என்று எந்த டாக்டர் நம்புவார்? மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்ற பயம்தான் என் வாயைத் திறந்தது.

"மஞ்சளா? எதுக்கு?"

"மொட்டை போட்டா சந்தனம் பூசுவோம் இல்லீங்களா. சந்தனம் பத்தல."

டாக்டரம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. திரும்பியபோது முகத்தைச் சரிசெய்துகொண்டு, "மன்னிச்சுக்குங்க சார். மேல நிறம் இருந்தா உள்ள விட முடியாது. அது விதி" என்றார்.

பியூட்டியை வெளியே ஒரு வேப்பமரத்தில் கட்டினேன். என் நிரந்தர வேலையும் அங்கேயே கட்டிக்கிடந்தது. சற்று நேரத்தில் கண்காட்சி பார்க்க வந்த இரண்டு பெண்கள், நெற்றி சிவந்த பசுவைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் வாழைப்பழம் கொடுத்தார். அதைப் பார்த்து இன்னொருவர் வந்தார். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். நான் அது வேண்டுதல் இல்லை, சோடா என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், யார் கேட்டார்கள்? டிரஸ்ட் பெரியவரும் வந்து, செருப்பைக் கழற்றி, பயபக்தியோடு வாலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "நம்ம மாடு எங்கேப்பா நிக்குது?" என்று கேட்டபடி உள்ளே போனார்.

திரும்பும்போது சார் டிரைவர் பக்கத்தில் உட்காரவில்லை. பின்னால் ஏறி எங்களோடு நின்றுகொண்டார். ரயில்வே கேட்டில் லாரி நின்றபோதுதான் பேசினார்.

"தணிகாசலம், அந்த டாக்டர் கேட்டாங்களே, அப்போ நான் ஆமான்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன்."

நான் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"நீங்க முந்திக்கிட்டீங்க. இல்லேன்னா நாளைக்கு ஞாயித்துக்கிழமை. சபையில எழுந்து நின்னு என்னத்தைப் பேசியிருப்பேன்?"

"சார், நான் ஒண்ணும் உண்மை பேசணும்னு பேசல. கை செவந்திருந்துச்சு, பயத்துல உளறிட்டேன்."

"அது எனக்கும் தெரியும்." ரயில் போகும்வரை காத்திருந்தார். "அடுத்த வருஷம் முடி எடுக்கிறதை வியாழக்கிழமையே முடிச்சுடுவோம். கொஞ்சம் முள்ளா இருந்தா இருந்துட்டுப் போகுது."

"அடுத்த வருஷம் நான் எங்க சார் இருக்கப் போறேன்?"

"உங்களுக்காகப் பேச ஒரு காரணம் வேணும்னு சொல்லியிருந்தேன்ல. அது கிடைச்சாச்சு."

அந்த மாதக் கடைசியில் என்னை நிரந்தரம் ஆக்கினார்கள். சார் டிரஸ்டில் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. பெண் குழந்தை பிறந்தது, நான் தாடி எடுத்தேன். என் மாமனார் "மாப்பிள்ளை பால் பண்ணையில இருக்காரு" என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தார். தொண்ணூறுகளில் கரண்ட்டில் ஓடுகிற மிஷின் வந்தது. நானே எத்தனையோ மாடுகளுக்கு முடி எடுத்தேன், எல்லாம் வியாழக்கிழமைகளில். சார் ஓய்வு பெற்ற அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த மஞ்சள் கதையை எல்லார்கிட்டயும் சொல்றீங்க, சொல்லுங்க. ஆனா நான் வாயைத் திறந்த இடத்தை மட்டும் விட்டுட்டுச் சொல்றீங்க. அதையும் சேர்த்துச் சொல்லுங்க" என்றார். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வந்ததே இல்லை. இன்றைக்குத்தான் சேர்த்திருக்கிறேன்.

போன் செய்த தம்பிக்குப் பதில் இதுதான்: கலப்பின மாடு என்றால் முடியை எடுங்கள். முகம், கழுத்து, மடி. முதுகை விட்டுவிடுங்கள். மனம் வராவிட்டால் நல்ல நாள் பார்த்து எடுங்கள், மாடு கோபித்துக்கொள்ளாது. எடுத்த பிறகு எதையும் பூசாதீர்கள்.

படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இது எங்கள் பக்கத்தில் ஏற்கெனவே பல மாதிரி உலவுகிறது. அம்மனே இறங்கி மடி சிவந்தது என்று ஒருவர் சொல்கிறார். தணிகாசலம் அரிச்சந்திரன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி உண்மையைச் சொன்னான் என்று என் சொந்த மருமகனே சொல்கிறார். இனி யாரிடமாவது சொல்வதானால் இங்கே இருக்கிறபடியே சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சார் வாயைத் திறந்தார். நான் பயத்தில் பேசினேன். சிவந்தது சோடாவினால். பியூட்டி அன்றைக்கு மட்டுமல்ல, கடைசி வரைக்கும் ஒரு பரிசும் வாங்கவில்லை. தயவுசெய்து யாரும் அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.